ஒத்தெல்லோவை முட்டாள் என்று சொல்லிச் சிரிப்பவர்களுக்கு

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். "ஒரு கைக்குட்டைக்காக மனைவியைக் கொன்ற முட்டாள்" என்று நாயகனான தளபதி ஒத்தெல்லோவைப் பேச்சாளர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. மனைவி டெஸ்டிமோனாவுக்கும் துணைத்தளபதி காசியோவுக்கும் கள்ள உறவு என்று, அவளுடைய கைக்குட்டையைச் சான்றாக்கி அவனை நம்ப வைப்பவன், அவனுக்குக் கீழே பணிபுரியும் இயாகோ. மறுத்துப் பேசிய என்னைக் கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குபவன் என்றார்கள். இந்தக் கேலி புதிதன்று. 1693இலேயே ஆங்கில விமர்சகர் தாமஸ் ரைமர் அந்தக் கைக்குட்டையை வைத்து நாடகத்தையே எள்ளி நகையாடியிருக்கிறார்.

ஒத்தெல்லோ முட்டாள் அல்லன். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் பொறுமையாக வாசித்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். இழந்த பதவிக்காக டெஸ்டிமோனாவிடம் பரிந்துரை கேட்ட காசியோ, ஒத்தெல்லோ வருவதைக் கண்டு விலகிப் போகிறான். அவனுக்குக் குடிக்கக் கொடுத்துப் பதவி பறிபோக வைத்தவனும், அவளிடம் போய்க் கேள் என்று அனுப்பியவனும் இயாகோதான். இப்போது அதே இயாகோ, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று முணுமுணுக்கிறான். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். கேட்கக் கேட்கத் தயங்குகிறான், பொறாமைக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று அவனே எச்சரிக்கவும் செய்கிறான். உங்களை மணப்பதற்காக அவள் தன் தந்தையை ஏமாற்றினாள் என்று நினைவூட்டுகிறான். அது பொய்யன்று, அவள் தந்தையே முதல் அங்கத்தில் ஒத்தெல்லோவின் முகத்துக்கு நேராகச் சொன்னதுதான்.

ஆதாரம் கேட்டிருக்க வேண்டாமா என்கிறார்கள். கேட்டான், இயாகோவின் குரல்வளையைப் பிடித்துக் கேட்டான். உடனே அவன், நேர்மையாக இருந்ததற்கு இதுதான் பலன் என்று மனம் நொந்தவனைப் போல விடைபெறப் பார்க்கிறான். ஒத்தெல்லோவே அவனைத் தடுத்து நிறுத்துகிறான். இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியாவையும் விசாரித்தான். அவள் டெஸ்டிமோனாவுக்காகச் சத்தியம் செய்தபோதோ, எந்தச் சாட்சியையும் நம்ப முடியாத நிலைக்கு அவன் மனம் வந்துவிட்டிருந்தது. அந்த எமிலியாவே, கூட வாழ்ந்த கணவனின் செயலைக் கடைசிக் காட்சியில்தான் அறிந்து, "என் கணவனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவளை ஏன் ஒருவரும் முட்டாள் என்பதில்லை?

கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. டெஸ்டிமோனாவுக்கு இழைத்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஒத்தெல்லோவின் தற்பெருமையே முதன்மைக் காரணம் என்று 1937இல் ஆங்கில விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் எழுதியதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சூழ்ச்சி செய்தவனைப் பின்னுக்குத் தள்ளும் எந்த விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் நான் இதை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் தந்தையும் சித்தப்பாவும் ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை உண்டு வாழ்ந்தவர்கள். வீட்டுக்கு வேண்டியவர் ஒருவர் மாலை வேளைகளில் திண்ணைக்கு வருவார். நெல் விற்ற பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அது எதற்கு இப்போது, விடுங்கள் அண்ணே" என்று பாதியில் நிறுத்திக்கொள்வார். அவர் சொன்னது அவ்வளவுதான். அப்பா இரவில் உட்கார்ந்து பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டத் தொடங்கினார். பாகம் பிரிந்தது, பேச்சுவார்த்தை அற்றுப்போனது, தம்பியின் சாவுக்குக்கூட அப்பா போகவில்லை. ஊரார் அப்பாவைத்தான் எடுப்பார் கைப்பிள்ளை என்றார்கள். அந்த மனிதரோ கடைசிவரை எல்லாத் திருமணங்களிலும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

அன்று மேடையில் இயாகோவை "மேதை" என்றபோது எனக்கு வலித்தது அதனால்தான். ஏமாந்தவனுக்குச் சிரிப்பு, ஏமாற்றியவனுக்குப் பாராட்டு என்றால், எந்த வீட்டில்தான் ஏமாந்தவர் வாய் திறந்து நடந்ததைச் சொல்வார்? என் தந்தை எங்களிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்திலும் இதே நாடகம்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த மூன்றாம் காட்சியை ஒரு வரி விடாமல் உரக்க வாசித்துவிட்டு விவாதத்தைத் தொடங்குங்கள். வாசிக்க ஆள் இல்லையென்றால் நான் வாசிக்கிறேன்.