ஊரில் நடக்க எதற்குப் பாதை என்று சிரித்தவர்களுக்கு

சென்னையில் இருக்கிற நம் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையில் கூடிய கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. ஊரில் ரயில் ஓடாமல் கிடக்கிற பழைய தடத்தில் நடக்க ஒரு பாதை வேண்டும் என்று நான் பேசி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்மா, மெட்ராஸ்ல வாக்கிங் போற பழக்கத்த ஊருக்கும் கொண்டு வரணுமா? நடக்கத்தான் வரப்பு இருக்கே" என்றார். மொத்தக் கூடமும் சிரித்தது. சிரித்தவர்களில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். மூன்று நாளாக எதுவும் எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

நான் என்ன கேட்டேன்? மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் தடம். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் என்று நின்று நின்று போகும். எண்பதுகளின் பிற்பாதியில் வண்டியை நிறுத்தினார்கள். அந்த முப்பது கிலோமீட்டரையும் நான் கேட்கவில்லை. பொறையாறு பக்கமிருந்து தரங்கம்பாடி வரைக்கும், மூன்று கிலோமீட்டர்கூட வராத கடைசித் துண்டு. முள்ளை வெட்டி, கிராவல் கொட்டி, கார் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டால் போதும். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். அவ்வளவுதான்.

வரப்பு இருக்கிறதாம். ஐப்பசி மழையில் அந்த வரப்பில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து காட்டச் சொல்லுங்கள். ரயில் மேடு அப்படி இல்லை. வயலில் தண்ணீர் நின்றாலும் வண்டி போக வேண்டும் என்று உயர்த்திப் போட்டது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. அதனால் எந்த நாட்டு ரயில் தடமும் பெரும்பாலும் மட்டமாகத்தான் போகும். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் மூச்சிரைக்காமல் போகிற வழி அது. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ரயில் நின்றுபோன தடத்தில் 1979-லிருந்து 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாக 21 கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள். வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். சரி, விடுங்கள்.

நம் கதைக்கே வருகிறேன். ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு நம் அரசு இலவச சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அந்தச் சைக்கிளை எங்கே ஓட்டுவது? ஊரில் இருக்கிற என் அண்ணன் மகள் மெயின் ரோட்டில்தான் ஓட்டினாள். ஒரு வேன் ஹேண்டில்பாரை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் அண்ணன் அவளைச் சைக்கிளைத் தொடவே விடவில்லை. ஷேர் ஆட்டோவில்தான் போய் வருகிறாள். ஆட்டோ வராத நாளில் லீவு. அந்தச் சைக்கிள் திண்ணையில் சாய்த்தபடியே நிற்கிறது. காற்று இறங்கிவிட்டது. நான் கேட்கிற பாதை அவளுக்காக. காலையில் ஷூ போட்டு நடக்கிற எனக்காக இல்லை.

"பாதை போட்டுவிட்டால் ரயில் வராமல் போய்விடும்" என்று சிலர் உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். எனக்கும் ரயில் வேண்டும். உங்களைவிட அதிகமாக வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-ல் அகலப்பாதையில் வண்டி திரும்பி வந்தபோது, நமக்கும் ஒருநாள் வரும் என்று நம்பியவள் நான். ஆனால் சும்மா கிடக்கிற தடம் அப்படியே கிடக்குமா? ஆள் நடமாடினால்தான் அது தடமாக மிஞ்சும். அமெரிக்காவில் 1983-லேயே சட்டத்தைத் திருத்தி, ஓடாத ரயில் தடத்தை நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம், பின்னால் ரயில் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். ரயில் வருகிற அன்றைக்கு முதல் ஆளாக நானே விலகி நிற்கிறேன்.

குடிகாரர்கள் உட்காருவார்கள் என்றார் ஒருவர். இப்போது அந்த முள்ளுக்குள் யார் உட்காருகிறார்கள்? தடத்தில் குடிசை போட்டிருக்கிறவர்களை எழுப்பப் பார்க்கிறாய் என்று இன்னொருவர் சொன்னார். ஒரு குடிசையையும் தொட வேண்டாம், அந்த இடத்தில் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று கூட்டத்திலேயே சொன்னேன். வீடியோவில் அதை வெட்டிவிட்டார்கள்.

இங்கே தி.நகரில் பாண்டி பஜாரில் 2019-ல் நடப்பவர்களுக்கென்று அகலமான நடைபாதை போட்டார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நீங்களே குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துப் போட்டீர்கள், நானும் லைக் போட்டேன். சென்னைக்காரர் நடந்தால் அது வசதி, தரங்கம்பாடிப் பிள்ளை நடந்தால் மட்டும் வரப்பு போதுமா? முப்பது வருடமாக நங்கநல்லூரில் இருப்பதால் நான் மெட்ராஸ்காரி ஆகிவிட்டேனாம், ஊரைப் பற்றிப் பேசக் கூடாதாம். நீங்களும் இங்கேதானே இருக்கிறீர்கள்? அப்பா இறந்த பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் போய் நிற்கிறவள் நான். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்த என் தோழிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரயில் நின்ற பிறகு நாம் இருவரும் அந்த மேட்டின் மேல்தான் பள்ளிக்கூடம் போனோம். ஒருநாள் உன் செருப்பு அறுந்துவிட்டது. என் செருப்பில் ஒன்றைக் கழற்றி உனக்குக் கொடுத்தேன். ஆளுக்கு ஒற்றைச் செருப்போடு, வெறுங்காலைச் சிலீப்பர் கட்டை மேலும் செருப்புக் காலை ஜல்லி மேலும் வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு ரயிலடி வரை வந்தோம். அதுவும் வாக்கிங்தானா, சொல்லு.