பதினோராம் வசனம் மட்டும் போதாது

நவம்பர் பிறந்தால் எங்கள் அச்சகத்தில் வாக்குத்தத்த அட்டை வேலை ஆரம்பித்துவிடும். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுப்போம், அதில் இருக்கிற வேத வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குக் கொடுத்த வாக்கு என்று பைபிளுக்குள்ளோ பர்ஸுக்குள்ளோ பத்திரப்படுத்திக்கொள்வோம். என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது, அதனால் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் வருஷாவருஷம் அந்த வசனங்களை டைப் பண்ணி, ப்ரூஃப் பார்த்து, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் ஓட்டி, கட்டிங் போட்டுக் கொடுக்கிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்லணும். எந்தச் சபையிலிருந்து வந்தாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். எரேமியா 29:11 இல்லாத பட்டியலை நான் பார்த்ததே இல்லை. முழுக்கப் புலம்பலாகவே இருக்கிற சங்கீதம் 88 வருகிற பட்டியலையும் பார்த்ததில்லை.

அந்த எரேமியா வசனத்தில் கடவுள் தம் ஜனங்களைப் பற்றித் தாம் நினைக்கிற நினைவுகளைச் சொல்கிறார்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம்தான். ஆனால் அது யாருக்கு எழுதின கடிதம்? கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு. அதற்கு முந்தின 10-ம் வசனத்தைப் படித்தால் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பாமலே அங்கேயே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கு எரேமியா சொன்ன உடனடிப் புத்திமதி என்ன தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அவ்வளவுதான்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்றார், அதுவும் ஆலயத்தில், எல்லோருக்கும் முன்னால். கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, நீ ஜனங்களைப் பொய்யை நம்பப்பண்ணுகிறாய் என்று எரேமியா அவரிடமே சொன்னார். இன்றைக்கு அவர் இருந்திருந்தால் ஜனவரி முழுக்க கன்வென்ஷன் மேடைதான், ஒரு தேதிகூட காலி இருக்காது.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நம் சபைகளில் சோர்ந்துபோனவனுக்கு நாம் கொடுக்கிறது பெரும்பாலும் அனனியா சரக்காகத்தான் இருக்கிறது. "இந்த வருஷம் உங்களுக்குத் திருப்புமுனை பிரதர்." "சீக்கிரமே வாசல் திறக்கும் சிஸ்டர்." திறக்கவில்லை என்றால் அடுத்த வார்த்தை ரெடியாக இருக்கும்: உங்கள் விசுவாசம் பத்தவில்லை.

2020-ல் கல்யாணங்கள் ஐம்பது பேரோடு முடிந்த காலத்தில் பத்திரிகை அச்சடிக்கிறவன் பிழைப்பு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் போன பிறகும் பழைய வேலை திரும்பவில்லை, வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிப் பழகிவிட்டார்கள், பெரியவர்களுக்குக் கொடுக்க மட்டும் நூறு பத்திரிகை போதும் என்கிறார்கள். நூறு பத்திரிகைக்கும் பிளேட் ஒன்றுதான், மெஷினைக் கழுவுகிற வேலையும் ஒன்றுதான், காசு மட்டும் கம்மி. செகண்ட் ஹாண்டில் வாங்கின மெஷினுக்குக் கடன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி தூக்கம் போச்சு, சாப்பாடு பிடிக்கவில்லை, வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல். ஜெபிக்க உட்கார்ந்தால் வட்டிக் கணக்குதான் வரும். அப்போது வீட்டுக்கு வந்து விசுவாசத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

எங்கள் சபையில் ரிட்டயர்டு ஆன டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அவரும் ஒரு நாள் வந்தார், வீட்டுக்கு இல்லை, நேராக அச்சகத்துக்கே. கையில் டிபன் கேரியர். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கட்டிங் வேஸ்ட்டை ஒதுக்கிவிட்டு மேல் தட்டைத் திறந்தார், இட்லியும் கறிக்குழம்பும். "மொதல்ல சாப்பிடுங்க தம்பி, பெறகு பேசுவோம்." நான் சாப்பிடுகிற வரைக்கும் சும்மா இருக்கவில்லை, அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூட ரசீது புத்தகங்களுக்கு நம்பர் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புத்தகத்தில் ஒரு எண் விட்டுப்போயிருந்ததையும் கண்டுபிடித்தார், டீச்சர் இல்லையா! கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது தலையில் கை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம். அப்புறம் வாராவாரம் வந்தார்.

எலியா தீர்க்கதரிசியின் கதை எனக்குச் சின்ன வயசு சண்டே ஸ்கூலிலிருந்து தெரியும். அது எப்படிப்பட்ட கதை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கப் பார்த்த மனுஷன், ராணி யேசபேல் மிரட்டினாள் என்றதும் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவு கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. தின்றார், குடித்தார், திரும்பப் படுத்துத் தூங்கினார். தூங்கவும் விட்டான், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு, இந்தத் தடவை காரணத்தோடு: நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம். தூரத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை பாருங்கள். நாற்பது நாள் நடந்தார். ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் பேச்சே. நான் ஒருவன்தான் மிச்சம் என்று புலம்பினவருக்கு, உன்னைப்போல ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது, கூடவே எலிசா என்று ஒரு துணையும்.

ஏசாயா 40:31-ஐயும் சொல்லணும். அந்த அட்டைக்குக் கழுகுப் படம் கட்டாயம். "கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்கிறதோடு வசனத்தை நிறுத்தச் சொல்லுவார்கள், முழுசாகப் போட்டால் எழுத்து பொடியாகிவிடும், கழுகின் றெக்கை வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும். விட்டுப்போகிற பாதி என்ன? "ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்ந்துபோகார்கள்." பறக்கிற நாள் வாழ்க்கையில் எத்தனை வந்துவிடும்? காலையில் ஷட்டரைத் தூக்கி, வந்த ஒரு விசிட்டிங் கார்டு வேலையை ஒழுங்காகச் செய்து, கடன்காரர் போனை எடுத்துப் பதில் சொல்லி, சாயங்காலம் பிள்ளைகளிடம் எரிந்து விழாமல் வீடு போய்ச் சேருவதற்கு எனக்கு வேண்டியிருந்தது அந்த நடக்கிற பெலன்தான். அது கிடைத்தது, அன்றன்றைக்கு உள்ளது மட்டும்.

விசுவாசம் இருந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறவர்கள் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூருக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார், அதற்குப் பிறகு 1951-ல் இறக்கிற வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று எந்த வாய் சொல்லும்? அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அப்போஸ்தலன் பவுலும் தன் சரீரத்தில் முள் என்று சொன்ன ஒரு விடாத வேதனையை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை கேட்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கதறினவரைத்தான் நாம் கும்பிடுகிறோம்.

அதனால்தான் சங்கீதம் 88-ஐக் கேட்கிறேன். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் புலம்பல்தான், முடிவில் "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்கிற திருப்பம்கூட இல்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் எனக்கு வாயில் வந்த ஒரே ஜெபம் அது. நான் ஜெபிக்க முடியாமல் கிடந்தபோது எனக்காக யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் வேதம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

புது வருஷத்தன்று ஜனங்களுக்கு இருட்டையா கொடுப்பது என்று ஒரு சபை ஐயர், அதாவது போதகர், என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், பத்து வயசுப் பிள்ளை கையில் அந்த அட்டை வந்தால் பயந்துதான் போகும். சரி, அட்டையில் வேண்டாம், வருஷத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கத்திலாவது வரட்டுமே. அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஜெபம் போகிற வழியிலும் பண்ணலாம்.

மெஷின் கடன் இன்னும் முடியவில்லை, ஆனால் தவணை தவறாமல் போகிறது. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இப்போது டீச்சரம்மா பின்னால் நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள், சனிக்கிழமை சமைக்கிறார்கள், கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டி என்னுடையது. மதுரையில் சிம்மக்கல், செல்லூர், கோரிப்பாளையம் பக்கம் யாராவது முடியாமல் கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்க மாட்டோம். காரம் எவ்வளவு போடலாம் என்பதை மட்டும் சேர்த்து எழுதுங்கள், டீச்சரம்மா கை கொஞ்சம் தாராளம்.