மூணு சுத்து போட்டீங்க, இறுக்குச் சுத்து எங்கே?

எத்தனை வருஷம்தான் இதையே சொல்றது? ஐப்பசி மாசம் சனி, ஞாயிறு சாரணர் முகாம். மழை கண்டிப்பா வரும்னு தெரியும். அப்படியும் வாசல் வளைவு கட்ட நைலான் கயிறுதான் வருது! மூங்கிலே வழவழ, நைலானும் வழவழ. கட்டு எப்படிப் பிடிக்கும்? சணல் கயிறு, தேங்காய் நார்க் கயிறு எல்லாம் கடையிலே இல்லையா?

சரி, சணலே வந்தாலும் ஈரத்தோட கட்டுறாங்க. நனைஞ்ச சணல் சுருங்கும், அப்போ கல்லு மாதிரி இருக்கும். மறுநாள் வெயில்ல காய்ஞ்சதும் தொளதொளன்னு ஆயிடும். அதைத் திரும்ப இறுக்க யாராவது போறாங்களா?

ரெண்டு அங்குல மூங்கில் ரெண்டைச் சேர்க்க நாலு மீட்டர் கயிறு வேணும். வெட்டித் தர்றது ரெண்டு மீட்டர்! நிக்கிற கம்புல, குறுக்குக் கம்புக்குக் கீழே க்ளோவ் ஹிட்ச்னு ஆரம்ப முடிச்சு, அப்புறம் ரெண்டு கம்பையும் சேர்த்து மூணு சுத்து. அதோட கயிறு தீர்ந்துபோச்சு. ரெண்டு கம்புக்கும் நடுவுல விட்டு இழுக்குற அந்த ரெண்டு இறுக்குச் சுத்துதானே கட்டோட உயிரே! அது இல்லாத கட்டைப் பெருவிரலால அழுத்தினாலே நகருது.

இதுல மூலைக்கு மூலை கம்பும் கிடையாது. வெறும் சதுரம் காத்தடிச்சா சாயாம என்ன செய்யும்? அதுக்குக் கீழேதான் பதினோரு வயசுப் பிள்ளைங்க வரிசையா நடந்து போகுதுங்க. வயிறு எரியுதுங்க!