திமிலைப் பிடித்தவனை விடுங்கள், மற்ற எட்டுப் பேரைப் பாருங்கள்

இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பையன்களே சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஜல்லிக்கட்டைவிட எனக்கு வடமாடுதான் பிடிக்கும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இதில் வாடிவாசல் கிடையாது. திடலின் நடுவே நீளமான வடத்தில் மாட்டைக் கட்டியிருப்பார்கள். வடம் எட்டுகிற தூரம் முழுக்க மாட்டின் ராஜ்யம். அதற்குள் ஒரே நிற பனியனில் ஒன்பது பேர் இறங்குவார்கள். நேரம் ஊருக்கு ஊர் மாறும், 20 அல்லது 25 நிமிடம். அதற்குள் அடக்கினால் குழுவுக்குப் பரிசு, இல்லாவிட்டால் மாட்டுக்காரருக்கு. தை 3ஆம் தேதி சிவகங்கை மாவட்டத்துச் சிறாவயல் பொட்டலில், மாடுகளைத் திறந்தவெளியில் அவிழ்த்துவிடுகிற மஞ்சுவிரட்டுக்குக் கூடுகிற கூட்டம் இதற்கு வராது. வரவும் வேண்டாம், உட்கார இடம் கிடைக்கிறதே.

போன மாசியில் பக்கத்து ஊர்த் திடலில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் இறங்கிய குழுவில் எல்லாரும் நல்ல வாட்டசாட்டமான பையன்கள். விசில் ஊதியதும் பாய்ந்தார்கள். ஒரே திமிலுக்கு ஒரே பக்கத்திலிருந்து இரண்டு பேர் தாவி, மண்டையும் மண்டையும் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். வடம் சுழன்று வந்து இன்னொருவன் காலை வாரிவிட்டது. பத்தாவது நிமிடத்தில் மாட்டை விட்டுவிட்டு ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு நின்றார்கள். "மாடு வெற்றி!" என்று மைக்கில் சொன்னபோது மாட்டுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

அடுத்த குழு ஒல்லிப் பையன்கள். கூடவே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். மாடு திரும்புகிற பக்கத்துக்கு எதிரில் நின்று ஒருவன் கைதட்டுவான். அது அங்கே பாயும், இந்தப் பக்கம் இன்னொருவன் தட்டுவான். இப்படியே பன்னிரண்டு நிமிடம் போனது, யாரும் மாட்டைத் தொடவே இல்லை. "பயமா இருந்தா வீட்டுக்குப் போங்கடா!" என்று கூட்டம் கத்தியது. மறைப்பானேன், நானும்தான் கத்தினேன்.

அப்புறம் மாடு திரும்புகிற வேகம் ஒரு நொடி மட்டுப்பட்டது. ஒருவன் திமிலில் விழுந்தான். அவன் விழுவதற்கு முன்பே இன்னொருவன் கையில் வால் இருந்தது! மற்றவர்கள் எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை. பிடிமாடு, அதாவது மாடு அடங்கிவிட்டது, குழுவுக்கே பரிசு. கூட்டம் திமில்காரனைத் தோளில் தூக்கியது. வால் பிடித்தவன் முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

அந்த நாற்பது வயதுக்காரரை டீக்கடையில் பிடித்தேன். "நீங்க மாட்டைத் தொடவே இல்லையே அண்ணே?"

"தொட்டா வடத்தை யாரு பாக்குறது? பசங்க கால்ல சுத்திக்கிட்டா என்னாகும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது, காரணம் இருக்கிறது. வீட்டுத் தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தொட்டியில் ஊறவிட்டு, வெயிலில் காயவைப்போம். காய்ந்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். சென்ற வருடம் ஒரு புதுமனைப் புகுவிழா ஆர்டர், தேதி நெருங்கிவிட்டது. தொட்டியைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் "இன்னும் ரெண்டு நாள் பொறுங்க தம்பி" என்றார். சும்மா சுற்றிச் சுற்றி வருகிறவருக்கு என்ன அவசரம் தெரியும் என்று நினைத்து, நானே நெம்பி எடுத்தேன். பூவின் இதழ் கல்லில் இல்லை, கண்ணாடியோடு வந்திருந்தது. அப்படி நாற்பத்து மூன்று கல். அவரைப் போய் வேலையே செய்யாதவர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சரி, இப்போது ஏன் இந்தப் பதிவு என்றால், எங்கள் ஊர் வடமாட்டில் இந்த வருடம் 'சிறந்த வீரர்' என்று தனியாக ஒரு பைக் கொடுக்கப் போகிறார்களாம். கொடுத்தால் என்ன நடக்கும்? ஒன்பது பேரும் திமிலுக்குத்தான் பாய்வார்கள். வாலை எவன் பிடிப்பான், வடத்தை எவன் பார்ப்பான்? ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். அந்தப் பணத்தை ஜெயிக்கிற குழுவுக்கே ஒன்பது பங்காகப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். கஞ்சன் என்பார்கள். மாட்டுக்காரர்களில் இரண்டு பேர் என் பக்கம், இன்னும் நாலு பேர் சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம்.