அவள் நிறத்திலேயே வரைவது

காரைக்குடிக்கு அருகில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை, பெற்றோரின் சம்மதத்தோடு, பள்ளித் தாழ்வாரத்தில் மற்ற பிள்ளைகளும் சுற்றி இருக்க, நான்கு சனிக்கிழமைகள் எதிரே உட்கார வைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து முடித்தேன். முதல் நாள் அவள் கேட்டது ஒன்றுதான்: "சார், கொஞ்சம் கலரா வரைவீங்கள்ல?"

அப்படிக் கேட்டதற்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வாங்கும் கிரையான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு வெளிறிய குச்சி இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அந்தத் தோல் இல்லை. ஆனாலும் அம்மாவை வரைந்தாலும் அப்பாவை வரைந்தாலும் அதைத்தான் தேய்க்கிறார்கள். செல்போனில் எடுக்கும் படமோ, யாரும் கேட்காமலே முகத்தை வெளுக்க வைத்துவிடுகிறது. ஆசிரியரும் அதையே செய்தால், உன் முகம் திருத்தப்பட வேண்டியது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். மாணவரை வரையும் ஆசிரியர், புகைப்படத்தைப் பார்த்து அல்லாமல், நேரில் உட்கார வைத்து, உள்ள நிறத்திலேயே வரைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவரை உள்ளபடி வரைவதில் பெரிய ஓவியர்களுக்கும் சறுக்கல் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மனே, தம் மாணவி ஏவா கொன்சாலஸை வரைந்த படத்தை 1870இல் காட்சிக்கு வைத்தார். அதில் அந்தப் பெண் தரையில் புரளும் வெள்ளை உடையோடு தூரிகை பிடித்திருக்கிறார். அவர் வரைந்துகொண்டிருக்கும் பூப்படத்துக்கோ அதற்குள் சட்டமே போட்டாகிவிட்டது. அழகான படம்தான். ஆனால் வேலை செய்யும் ஓவியரை அதில் நான் காணவில்லை.

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் முகப்பில் ஐயாக்கள், ஆயாக்களின் படங்கள் ரவிவர்மா அச்சுப்படங்களோடு வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றில் சில இன்று முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. யாருடைய முகம் என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது. அங்கே நிற்கும்போதெல்லாம், பள்ளி செல்லும் வயதில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து வரைந்த படம் கிடைக்குமா என்று தேடியிருக்கிறேன். என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

அவள் நிறத்தைக் கலக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அதில் துளி அல்ட்ராமரைன் நீலம். வெள்ளையை மிகவும் யோசித்துத்தான் தொட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் தோல் சாம்பல் பூத்துவிடும். தாடைக்குக் கீழே உள்ள நிழலில் கறுப்பு கிடையாது, லேசான பச்சை இருந்தது. எண்ணெய் மினுங்கிய நெற்றியில் வானத்தின் நீலம் படிந்திருந்தது. கறுத்த தோல் ஒளியை வாங்கிக்கொள்ளும் விதமே தனி. உற்றுப் பார்க்கப் பார்க்க அதில் நிறங்கள் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாம் வாரம் அவளை எழுந்து வந்து நான் வண்ணம் கலக்கும் பலகையைப் பார்க்கச் சொன்னேன். அவள் அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுபவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ண சிமெண்ட் ஊற்றும் வேலை. நான் கலந்து வைத்திருந்ததை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பாவும் சிவப்புல மஞ்சளைச் சேர்த்துத்தான் சார் இந்தக் கலர் கொண்டு வருவாங்க" என்றாள். பிறகு வண்ணம் கலக்கும் கத்தியை வாங்கித் தானே கலந்தாள். கழுத்தோரம் நான் விட்டிருந்த இடத்தை நிரப்பியது அவள் கலந்த வண்ணம்தான். என்னுடையதைவிட அது பொருந்தியிருந்தது.

கலவைக் கணக்கைத் தன் ஓவிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை தம்பியை அழைத்து வந்து தானே வரையப் போகிறாளாம். அவன் தன்னைவிடக் கொஞ்சம் கறுப்பு என்பதால் நீலம் இன்னும் ஒரு துளி கூடுதலாக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.