ஐந்து சதவீதத்துக்கு ஊரை விற்றவள்

அந்த 40 விநாடி வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். மாசசூசெட்ஸில் நம் டவுனின் கேபிள் கமிட்டிக் கூட்டம், கேபிள் நிறுவனத்தின் லைசன்ஸைப் புதுப்பிப்பது பற்றி. டவுன் ஹாலில் நம் தமிழ்ச் சங்கத்து அண்ணா ஒருவர் எழுந்து நிற்கிறார், கேபிள் பில்லைத் தலைக்கு மேலே ஆட்டுகிறார், "மாசம் 230 டாலர்! இந்தக் கமிட்டி எதுக்கு இருக்கு?" என்கிறார். கேமரா என் பக்கம் திரும்புகிறது. நான் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தோடு முடிகிறது. மேலே யாரோ ஒரு புண்ணியவான் ஒட்டிய வாசகம்: "5 சதவீதத்துக்கு ஊரை விற்றவர்கள்." சங்கத்து வாட்ஸ்அப்பில் 37 சிரிப்பு.

நான் எழுதிக்கொண்டிருந்தது அண்ணாவின் கேள்வியைத்தான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. காபிகூட வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோகிறேன். ஊரை விற்ற காசு இன்னும் வந்து சேரவில்லை.

கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னேன், வீடியோவில் அது இல்லை. ஆகவே இங்கே மறுபடியும்: கேபிளுக்கு விலை சொல்லும் அதிகாரம் நம் டவுனுக்குக் கிடையாது. கமிட்டிக்கும் கிடையாது, ஊரை நிர்வகிக்கும் செலக்ட் போர்டுக்கும் கிடையாது.

"கேபிள்காரருக்கு லைசன்ஸ் கொடுப்பது டவுன்தானே?" ஆமாம். டெக்சஸ் 2005இலும் கலிஃபோர்னியா 2006இலும் அந்த வேலையை மாநிலத்திடம் கொடுத்துவிட்டன. மாசசூசெட்ஸில் இன்றைக்கும் அந்தந்த ஊர்தான் கையெழுத்துப் போடுகிறது. ஆனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று 1984லேயே வாஷிங்டனில் சட்டம் எழுதிவிட்டார்கள். நம் தெருவில் கம்பி இழுப்பதற்குக் கேபிள் டிவி வருமானத்தில் அதிகபட்சம் 5 சதவீதம் கேட்கலாம். ஊர்க்காரர்களே நிகழ்ச்சி எடுத்துப் போடும் ஊர் சேனலுக்கு இடமும், கேமரா வாங்கப் பணமும் கேட்கலாம். எந்தத் தெருவரை கம்பி போக வேண்டும் என்று பேசலாம். விலையைப் பற்றிப் பேச முடியாது.

ஒரு காலத்தில் கொஞ்சம் பிடி இருந்தது. 1992 சட்டப்படி, போட்டி இல்லாத ஊர்களில் அடிப்படைச் சேனல்களுக்கு மட்டும் கட்டணக் கட்டுப்பாடு வைக்கலாம். 2015இல் எஃப்.சி.சி., அதாவது மத்திய அரசின் தகவல்தொடர்பு ஆணையம், எல்லா ஊரிலும் போட்டி இருப்பதாகவே எடுத்துக்கொள்வோம் என்றது. இல்லையென்றால் நீங்கள் நிரூபியுங்கள். 2019இல் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த மாநிலத்தில் 32 ஊர்களிலும் ஹவாயில் கவாய் தீவிலும் ஒரு கேபிள் நிறுவனத்துக்குப் போட்டி வந்துவிட்டதாக எஃப்.சி.சி. தீர்மானித்தது. யார் போட்டி? ஏ.டி.அண்ட்.டி.யின் ஸ்ட்ரீமிங் சேவை. அதைப் பார்க்க இன்டர்நெட் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்டர்நெட் வருவதே அதே கேபிள்காரரின் கம்பியில்தான்! மாமியார் வீட்டு வாசலில் மருமகள் கடை போட்டால் அதற்குப் பெயர் போட்டியாம். இதையெல்லாம் எதிர்த்து யாரும் பில்லை ஆட்டவில்லை.

அந்த 230இல் டிவிக்கு எவ்வளவு, இன்டர்நெட்டுக்கு எவ்வளவு என்று கேட்கலாமென்றுதான் இருந்தேன். பில் ஆடிக்கொண்டே இருந்ததில் படிக்க முடியவில்லை. என் வீட்டில் பாதிக்கு மேல் இன்டர்நெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கேபிள்வழி இன்டர்நெட் கேபிள் சேவையே இல்லை என்று எஃப்.சி.சி. 2002இல் சொல்லி, 2005இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. ஆகவே அது நம் லைசன்ஸுக்குள் வராது. அதில் ஒரு பைசா 5 சதவீதமும் நமக்கு வராது. திரும்பச் சொல்கிறேன், விலை நம் கையில் இல்லை.

"அப்படியென்றால் லைசன்ஸைப் புதுப்பிக்காதே, விரட்டு" என்று எழுதியிருக்கிறார் இன்னொரு தம்பி. ஆஹா. அதற்கும் சட்டம் நாலே நாலு காரணம்தான் கொடுத்திருக்கிறது. பழைய ஒப்பந்தத்தை மீறியிருக்க வேண்டும். அல்லது சேவை மோசமாக இருக்க வேண்டும். அல்லது நடத்த வக்கில்லாதவராக இருக்க வேண்டும். அல்லது ஊரின் வருங்காலத் தேவைக்கு அவர்கள் தரும் திட்டம் போதாமல் இருக்க வேண்டும், அதிலும் செலவைக் கணக்கில் எடுத்துத்தான். "பில் அதிகம்" என்பது இந்த நாலில் இல்லை. சரி, விரட்டிவிட்டோம் என்றே வையுங்கள். யார் வரப்போகிறார்கள்? ஒருவருக்கு மட்டும் என்று ஊரை எழுதிக் கொடுப்பதை 1992லேயே தடைசெய்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வந்து லைசன்ஸ் கேட்கலாம். நான் கமிட்டியில் இருக்கும் ஒன்பது வருஷத்தில் ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. வீட்டுக்கு வீடு இரண்டாவது கம்பி இழுக்கிற செலவு அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் கேள்வி. அது வராமல் இருக்குமா? "நம்ம ஊர்ல அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கொடுத்தாங்களே?" கொடுத்தார்கள். 2011இல் கோவில்பட்டியிலிருந்து அம்மா போனில் அதைப் பெரிய சேதியாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் தெரு கேபிள் அண்ணன் ஒல்லியானவர், ஒவ்வொரு மொட்டை மாடியாகத் தாண்டி, எங்கள் வேப்பமரத்துக் கிளையில் வயரைக் கட்டிவைத்திருப்பார். காற்றடித்தால் படம் போகும். அப்பா வாசலில் நின்று சத்தம் போட்டால் அண்ணன் சைக்கிளில் வந்து கிளையை ஆட்டிவிட்டுப் போவார், படம் வந்துவிடும். அந்த அண்ணனை ஏதாவது கேட்க கோவில்பட்டி நகராட்சிக்கு என்ன அதிகாரம் இருந்தது? அவர் பதிவு செய்துகொண்டதே தலைமைத் தபால் நிலையத்தில். 70 ரூபாய் விலை வைத்தது மாநில அரசு, தானே ஒரு நிறுவனம் நடத்தி. இங்கேயும் ஷ்ரூஸ்பரியில் ஊரே கேபிள் நடத்தியது. அங்கே மின்சாரமும் ஊருடையது. நம் டவுனுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு பனி அள்ளும் லாரியும் ஒரு நூலகமும்.

"அந்த 5 சதவீதமும் எங்க பாக்கெட்டிலிருந்துதானே?" உண்மைதான். பில்லில் தனி வரியாகவே காட்டுகிறார்கள். அதற்கு இப்போது என்ன?

அந்த 5 சதவீதம் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உயர்நிலைப்பள்ளியின் அடித்தளத்தில், பாய்லர் அறைக்குப் பக்கத்தில் ஊர் சேனலின் ஸ்டுடியோ இருக்கிறது. இரண்டு கேமரா, தரையில் எங்கே நிற்க வேண்டும் என்று ஒட்டிய நீல டேப். 2018 பொங்கல் நிகழ்ச்சி அங்கேதான் எடுத்தோம். கோலம் போடுவதைப் பற்றிப் பேச அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். பெட்டியிலிருந்து எடுத்துப் புதுசாய்க் கட்டிய பச்சைப் பட்டு. பின்னால் பச்சைத் திரை, பச்சையாக இருப்பதெல்லாம் மானிட்டரில் கோபுரப் படமாக மாறிவிடும். மானிட்டரில் பார்த்தால் அம்மாவுக்கு உடம்பே இல்லை, கோபுரத்துக்கு நடுவே ஒரு முகமும் இரண்டு கையும் மிதக்கின்றன. கேமராவில் நின்ற பதினொன்றாம் வகுப்புப் பையன் சிரிக்கவில்லை. ஓடிப்போய்த் தன் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, "கிராண்ட்மா, ப்ளீஸ்" என்று இரண்டு கையாலும் நீட்டினான். அம்மா அதைப் போட்டுக்கொண்டு புள்ளிக் கோலத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினாள். போன வருஷம் அவள் போய்விட்ட பிறகு, அவள் குரல் அவ்வளவு நீளமாக என்னிடம் இருப்பது அந்த ஒரு பதிவில்தான்.

அதே நிகழ்ச்சியில் அடுத்து ஆடியது யார் மகள் என்று அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த அலாரிப்பை இன்றைக்கும் தன் இணையப் பக்கத்தில் மேலே குத்திவைத்திருக்கிறார். 400 லைக். ஓரத்தில் ஊர் சேனலின் முத்திரை தெரிகிறதே, அந்தக் கேமரா எந்தக் காசில் வாங்கியது அண்ணா?

அந்தக் காசும் குறைந்துகொண்டே வருகிறது. எல்லோரும் கேபிள் டிவியை வெட்டிவிட்டு நெட்ஃபிளிக்ஸுக்குப் போகிறார்கள். அதற்கு இந்த 5 சதவீதம் இல்லை. ஊர்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன. நெவாடாவில் ரீனோ தோற்றது, நியூ ஜெர்சி ஊர்களும் தோற்றன. நானும் 2021இல் வெட்டினேன். "பார், கமிட்டிக்காரியே கேபிள் வைத்துக்கொள்ளவில்லை" என்று அடுத்த வீடியோ போடுங்கள். எனக்கும் இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ் இருக்கிறது. யாருடைய பில்லையும் நான் குறை சொல்லவில்லையே.

கோபம் வரக் கூடாது என்று உட்கார்ந்துதான் எழுத ஆரம்பித்தேன். அண்ணா கெட்டவர் இல்லை. அம்மா காரியத்துக்கு வந்து மூன்று மணி நேரம் பாத்திரம் தேய்த்தவர். அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறதோ என்னவோ. என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமல் நேரே மைக்குக்கே போய்விட்டார்.

போன மாதம் இதே லைசன்ஸுக்கு, ஊருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்பதற்காகவே ஒரு கூட்டம் வைத்தோம். வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் நாய் லைசன்ஸ் என்று நினைத்து வந்துவிட்டவர். அவர்கூடக் கடைசிவரை உட்கார்ந்திருந்து, முதியோர் இல்லத்துக்கு டவுன் கூட்டங்களின் நேரலை வேண்டும் என்று கேட்டார். அதைக் கோரிக்கையில் சேர்த்திருக்கிறோம்.

அடுத்த கூட்டம் 14ஆம் தேதி இரவு 7 மணிக்கு, அதே அறை. வீடியோ எடுக்கிறவர்கள் இந்தத் தடவை ஊர் சேனல் கேமராவுக்கு முன்னால் நிற்காதீர்கள், போன தடவை முழுக்க உங்கள் முதுகுதான் பதிவாகியிருக்கிறது.