பதில் வந்ததாம்

நேற்று இரவு முழுக்க இந்து சமுத்திரத்தில் பிரித்தானியா அமெரிக்கப் படைத்தளத்துக்குக் கொடுத்த டியேகோ கார்சியா தீவு பற்றி ஓர் எம்.பி. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கேட்டதற்கு அமைச்சர் எழுத்தில் அனுப்பிய அந்தப் பதிலைத்தான் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தீர்கள். "பாருங்கோ, எம்.பி. கேள்வி கேட்டார், அமைச்சர் எழுத்திலேயே பதில் குடுத்திட்டார், இதுதான் பிரித்தானியா" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதில் பதில் எங்கே இருக்கிறது என்று அதற்குக் கீழே ஒரே ஒரு வரி கேட்டேன். அதற்கு எனக்கு விழுந்த ஏச்சைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, ஆறுதலாகவே சொல்கிறேன். அமைச்சர் எழுத்தில் எதையோ அனுப்பியதால் கேட்டவருக்கு விவரம் கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பாதுகாப்பு, கடல்கடந்த ஆட்சிப்புலங்கள் என்று வந்துவிட்டால் இரண்டு வசனங்கள் தயாராக இருக்கும். செயற்பாட்டு விடயங்கள் குறித்துக் கருத்துக் கூறுவதில்லை. முன்னர் அளித்த பதிலைப் பார்க்கவும். முன்னர் அளித்த பதிலைப் போய்ப் பார்த்தால், அதுவும் அதற்கு முந்தைய ஒன்றைப் பார்க்கச் சொல்லும்.

2008 பெப்ரவரியில் என்ன நடந்தது? அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பிடித்த கைதிகளை இரகசியமாகக் கடத்திச் சென்ற விமானங்கள் டியேகோ கார்சியாவில் இறங்கவேயில்லை என்று அதுவரை அமைச்சர்கள் பல தடவை உறுதி சொல்லியிருந்தார்கள். பிறகு வெளியுறவுச் செயலர் டேவிட் மிலிபாண்ட் அதே சபையில் எழுந்து, 2002இல் இரண்டு விமானங்கள் இறங்கித்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கைதி இருந்தார் என்று மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கா சொன்னதை நம்பித்தான் அப்படிச் சொன்னோமாம். தன் ஆட்சிப்புலத்தில் என்ன இறங்குகிறது என்பதை இன்னொரு நாட்டிடம் கேட்டுச் சொன்னதெல்லாம் அதுவரை பதில் என்றுதான் பதிவாகியிருந்தது.

இதோடு முடியவில்லை. 2014 ஜூலையில் ஆண்ட்ரூ டைரி என்ற எம்.பி. அந்தத் தீவின் விமானப் பதிவேடுகள் பற்றி மறுபடி கேட்டார். 2002ஆம் ஆண்டுப் பதிவுகள் நீர் பட்டுப் பழுதானதால் முழுமையாக இல்லை என்றார் அமைச்சர் மார்க் சிம்மண்ட்ஸ். சரியாக அதே 2002! டைரி விடவில்லை. கொஞ்ச நாளில் அடுத்த விளக்கம் வந்தது: நனைந்த தாள்கள் காய்ந்துவிட்டன, நீரால் விமானப் பதிவு எதுவும் அழியவில்லை. முதல் கடதாசியோடு அந்த மனிதர் திருப்திப்பட்டிருந்தால் அது நனைந்தபடியே இருந்திருக்கும்.

நீர் பட்ட கோப்பு என்றதும் எனக்கு அப்பாவின் நினைவுதான் வரும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்தவர்கள் நாங்கள். காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அப்பா ஒரு கந்தோருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். "தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கவனம் செலுத்தப்படுகிறது" என்று பதிலும் வரும். கையெழுத்துக்குக் கீழே ஊதா முத்திரை பாதி பதிந்திருக்கும். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முத்திரையில் உள்ள திகதியைத்தான் முதலில் பார்ப்பார். "பதில் போட்டிருக்கினம்" என்று அம்மாவிடம் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோசம் இருக்கும். பிறகு ஒரு வெள்ளத்தில் கோப்பு பழுதாகிவிட்டது, முதலிலிருந்து விண்ணப்பியுங்கள் என்றார்கள். அந்தச் சந்தோசத்தோடேயே காணியைக் காணாமல் போய்ச் சேர்ந்தார். நேற்று உங்கள் பதிவுகளில் அதே சந்தோசத்தைக் கண்டேன். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

"நாட்டுப் பாதுகாப்பு என்றால் எல்லாவற்றையும் சபையில் கொட்ட முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். முடியாது, ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இரகசியம் என்ற திரைக்குப் பின்னால் அங்கே இருந்தது எப்போதும் கப்பல் மட்டுமா? 1966இல் தீவை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது அவர்களிடம் பிரித்தானியா வாங்கிய பொலாரிஸ் ஏவுகணை விலையில் 14 மில்லியன் டொலர் கழிவு பேசி, அதைப் பாராளுமன்றத்துக்கே சொல்லாமல் வைத்தார்கள். அந்தத் தீவும் அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களை ஒப்பந்தக் கூலிகள் என்று உலகுக்குச் சொல்லி, 1968க்கும் 1973க்கும் இடையில் கப்பலேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் புகையடித்துக் கொன்றார்கள்.

"அதெல்லாம் பழைய கதை" என்பவர்களுக்கு: தீவுகளின் உரிமையை மொரிசியசுக்குக் கொடுத்து, தளத்தை மட்டும் குத்தகைக்கு வைத்திருக்க உடன்பாடு என்று அறிவித்தது 2024 ஒக்டோபரில். எவ்வளவு காசு என்று எம்.பி.க்கள் மாதக்கணக்காகக் கேட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு விவரம் வரும் என்பதே பதில். 2025 மே 22 அன்று கையெழுத்தான பிறகுதான் 99 வருடங்களுக்கு, ஆண்டுக்குச் சராசரி 101 மில்லியன் பவுண் என்று வந்தது. கட்சி மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

"நீங்கள் அகதியாய் வந்தவர், இந்த நாட்டுக்கு நன்றியில்லையா?" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு நித்திரை வரவில்லை. வரி கட்டுகிறேன், வாக்குப் போடுகிறேன், என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். இன்னும் வாசலில் நின்று நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

அதே டியேகோ கார்சியாவில்தான் 2021 ஒக்டோபரில் நம் சனம் 89 பேர் வந்து சேர்ந்த படகு நின்றது. குழந்தைகளும் இருந்தார்கள். வேலியடைத்த முகாமில், எலி ஓடுகிற கூடாரத்தில், காவலாளி இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாமல் பலர் மூன்று வருடம் கிடந்தார்கள். அவர்களைப் பற்றிச் சபையில் கேட்டபோதும் பக்குவமான பதில்கள் வந்தன. 2024 டிசம்பரில் அந்த ஆட்சிப்புலத்தின் நீதிமன்றமே அது சட்டவிரோதத் தடுப்புக்காவல் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே படுத்திருந்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், அமைச்சர் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார் என்று.

"இலங்கைப் பாராளுமன்றத்தில் இதுகூடக் கிடைக்காது" என்கிறீர்கள். இருக்கலாம். அந்த அளவுகோலை வைத்து அளக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

சபைக்குச் சரியான, உண்மையான தகவல் தர வேண்டும், தவறு நேர்ந்தால் உடனே திருத்த வேண்டும் என்பது இங்குள்ள அமைச்சர்களுக்கான நெறிமுறையிலேயே இருக்கிறது. சொல்ல முடியாதென்றால் சொல்ல முடியாது, இன்ன காரணம் என்று நேரே சொல்லட்டும். உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். நேற்றைய அந்தப் பதிலையும் சேர்த்து அனுப்பி, கேட்ட கேள்விக்கு இதில் எந்த வரி பதில் என்று கேளுங்கள். நான் இன்று காலையே அனுப்பிவிட்டேன்.